காது சேர்ந்தால் மார்வாரியா?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

போன மாதம் நம்ம பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அனுப்பியவன் 1998-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. இருபது வருஷமாக வளைகுடாவில் வேலை. இந்த வருஷம் ஊருக்கே திரும்பிவிடுகிறான். தோட்டத்தில் ஒரு குதிரை கட்ட வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை. ஒரு தரகர் இரண்டு படமும் இருபது விநாடி வீடியோவும் அனுப்பியிருக்கிறார். "ஒரிஜினல் மார்வாரி, நுக்ரா இனம், அஞ்சு வயசு, மூணரை லட்சம்" என்று சொல்லியிருக்கிறார். அவன் அதைக் குழுவில் போட்டு, "சார், இது என்ன இனம்? கரெக்டா சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நாற்பது பதில் வந்துவிட்டது. அரபிக் குதிரை என்றான் ஒருவன். கத்தியவாரி என்றான் இன்னொருவன். "காது ரெண்டும் சேருது பாரு, மார்வாரியேதான்" என்று அடித்துச் சொன்னான் மூன்றாமவன். கடைசியாக ஒருவன், "எதுவா இருந்தா என்னலே, மட்டக்குதிரையா இல்லாம இருந்தா சரி" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான்.

அந்தக் கடைசிப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரையின் தோற்றத்தையும் நடையையும் பார்த்து அது என்ன இனமாக இருக்கலாம் என்று ஊகிக்க முடியும். அதற்கு முறை இருக்கிறது. ஆனால் ஊகம் ஊகம்தான். அந்த ஊகம் சரியாகவே இருந்தாலும், வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியதில் அது கால் பங்குகூட இல்லை.

முறை என்ன என்று பார்ப்போம். முப்பத்து நாலு வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன், பாடம் நடத்தாமல் விடமாட்டேன்.

முதலில் உயரம். குதிரையின் உயரத்தைத் தலை வரைக்கும் அளப்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். தரையிலிருந்து அந்த மேடு வரைக்கும்தான் அளவு. தலையைத் தூக்கும், இறக்கும்; அந்த மேடு மாறாது. பொதுக் கணக்கில் 58 அங்குலத்துக்கு உட்பட்டதை மட்டக்குதிரை என்பார்கள். படத்தில் உயரம் தெரியவே தெரியாது. பக்கத்தில் குள்ளமான ஆளை நிறுத்தி, கீழே உட்கார்ந்து படம் எடுத்தால் எந்தக் குதிரையும் இந்திரன் குதிரைதான்.

அடுத்தது தலையும் முகமும். பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அரபிக் குதிரைக்கு நெற்றிக்குக் கீழே முகம் லேசாகக் குழிந்திருக்கும். கண் பெரிது, மூக்குத் துவாரம் அகலம், முதுகு குட்டை, ஓடும்போது வாலைத் தூக்கிப் பிடிக்கும். மார்வாரிக்கு முகம் நீளம். நேராக இருக்கும், அல்லது சற்றே வெளியே புடைத்திருக்கும். கத்தியவாரி பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் சிறிது, முகத்தில் லேசான குழிவு உண்டு. பந்தயக் குதிரை என்று நாம் சொல்லும் தரோபிரெட் கால் நீண்டு, மார்பு ஆழ்ந்து, ஒட்டிய வயிற்றோடு இருக்கும். முகம் நேர்.

மூன்றாவது காது. மார்வாரி, கத்தியவாரி இரண்டுக்கும் காது உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும். இது நல்ல அடையாளம்தான். ஆனால் இரண்டு இனத்துக்கும் பொதுவானது. மேலும், மார்வாரித் தகப்பனுக்கும் வேறு ஏதோ ஒரு தாய்க்கும் பிறந்த குட்டிக்கும் அந்தக் காது வரலாம். அப்பாவின் மூக்கும் அம்மாவின் நிறமுமாகப் பிள்ளை பிறப்பதில்லையா, அதுபோலத்தான். காது சேர்கிறது என்றால் அந்த வழி ரத்தம் கொஞ்சமாவது இருக்கிறது என்று சொல்லலாம். முழுக்க அதுதான் என்று காதை வைத்துச் சொல்ல முடியாது.

நான்காவது நிறம். நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இனம் அறிய ஆகக் கடைசியில் பார்க்க வேண்டியதும் இதுதான். செம்மை, கருஞ்செம்மை, சாம்பல், கருப்பு, திட்டு எல்லாம் பல இனங்களுக்கும் பொது. "நுக்ரா" என்பது இனத்தின் பெயரே அல்ல. வெள்ளை முடியும் ரோஜா நிறத் தோலும் உள்ள குதிரையை வடக்கே அப்படி அழைக்கிறார்கள். நாம் வெள்ளைக் குதிரை என்று பார்ப்பதில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருத்தோ சிவந்தோ இருந்து, வயசு ஏற ஏற நரைத்தவை. மூக்கின் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் தோல் கருப்பாக இருந்தால் அது நரைத்த குதிரை. "மார்வாரி, நுக்ரா இனம்" என்று ஒரே மூச்சில் சொன்னாரே தரகர், அப்போதே எனக்குப் பொறி தட்டியது. ஒன்று இனம், மற்றது நிறம். "அவர் தமிழர், வெள்ளைவேட்டி இனம்" என்று சொல்வதுபோல இருக்கிறது.

ஐந்தாவது நடை. சாதாரண நடையில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும்; கண்ணை மூடிக் கேட்டால் நான்கு தட்டு. கொஞ்சம் வேகம் எடுத்தால் முன்வலதும் பின்இடதும் சேர்ந்து விழும், பிறகு முன்இடதும் பின்வலதும். இது இரண்டு தட்டு. மேலே உட்கார்ந்திருப்பவனைத் தூக்கித் தூக்கிப் போடும் ஓட்டம் இதுதான். அதற்குமேல் மூன்று தட்டு, முழுப் பாய்ச்சலில் மறுபடி நான்கு. மார்வாரியும் கத்தியவாரியும் பலவும் இதற்கு வெளியே ஒரு நடை நடக்கும். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் அடுத்தடுத்து விழும் வேக நடை. ரேவால் என்பார்கள். ஆளைக் குலுக்காது. பாலைவனத்தில் நாள் முழுக்கப் போக வேண்டியவர்கள் தேடித் தேடி வளர்த்த நடை அது. குதிரை ரேவால் நடந்தால் மார்வாரி, கத்தியவாரி பக்கம் ஊகம் சாயும். ஆனால் உலகத்தில் இப்படிப் பக்கவாட்டு நடை நடக்கும் இனங்கள் வேறும் உண்டு.

ஆக, ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. உயரம், முகம், காது, உடல்வாகு, நடை எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் "பெரும்பாலும் இதுவாக இருக்கும்" என்று சொல்லலாம். அதற்கு மேலே போக வேண்டுமானால் தாய் தகப்பன் விவரத்தோடு பதிவுச் சான்று வேண்டும், மரபணுச் சோதனை வேண்டும். தரோபிரெட் என்றால் புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையத்தில் பதிவு இருக்கும். மற்றதெல்லாம் விற்கிறவர் வாய்ச்சொல்.

இதைக் குழுவில் சுருக்கமாக எழுதினேன். நம்ம பையன் விடவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினான். "சார், நீங்க ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க சார். நீங்க சரின்னா சரி" என்றான்.

போனேன். கூட அவன் மச்சான் வந்தார். இப்போது கால்நடை மருத்துவராக இருக்கும் நம்ம பழைய மாணவி ஒருத்தியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஆற்றங்கரைத் தோப்பில் குதிரையைக் கட்டியிருந்தார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கழுத்தை நிமிர்த்தி நின்றது. காது நுனிகள் கும்பிட்டதுபோல் சேர்ந்திருந்தன. நீண்ட முகம். மூக்கோரம் ரோஜா நிறம். உயரமும் அறுபது அங்குலத்துக்குக் குறையவில்லை. மார்வாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது, மருத்துவருக்கும் தோன்றியது. தரகர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

"கொஞ்சம் நடத்திக் காட்டுங்க" என்றேன். மணலில் நடத்தினார்கள். வீடியோவில் பார்த்த அதே மிதப்பான நடை. "தார் ரோட்டுல நடத்துங்க" என்றாள் மருத்துவர். தரகர் முகம் மாறியது. "வெயில்ல ரோடு சுடும் மேடம்" என்றார். மணி காலை ஏழரை.

ரோட்டில் பத்து அடி வேக நடை போட்டதும் தெரிந்துவிட்டது. இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எழும்பியது. வலது கால் படும்போது கீழே இறங்கியது. நோகிற முன்காலில் பாரம் இறங்கக் கூடாது என்று குதிரை தலையைத் தூக்கும். யார் கண்ணுக்கும் தெரிகிற அறிகுறி, பார்க்கத் தெரிந்தால். மணல் மெத்தை மாதிரி. அதில் நொண்டல் ஒளிந்துகொள்ளும்.

பிறகு வாயைத் திறந்து பார்த்தாள். குதிரைக்கு முன்பல் இரண்டரை வயசில் ஒரு ஜோடி, மூன்றரையில் ஒரு ஜோடி, நாலரையில் ஒரு ஜோடி என்று பால்பல் விழுந்து முளைக்கும். ஐந்து வயசில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு பல்லின் மேலே உள்ள குழிகள் தேயத் தேய வயசு ஏறுகிறது என்று அர்த்தம். இந்தக் குதிரைக்குக் குழியே இல்லை. "பத்துக்கு மேல இருக்கும் சார்" என்றாள். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மூணரை லட்சம் கொடுக்கிற குதிரையைப் பார்க்காமல் எப்படி?

விவரத்தைப் போனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் கேட்டான்: "சரி சார், ஆனா மார்வாரிதானே?"

இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கால் போய்விட்டது, வயசு பாதி போய்விட்டது என்று சொல்கிறேன். அவன் மனசு இன்னும் பெயரில் நிற்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை. நம்ம எல்லாருடைய மனசும் அப்படித்தான். நல்ல பெயர் கிடைத்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடுகிறது.

இது இன்று நேற்று நடப்பதல்ல. இதே ஆற்றோடு கிழக்கே போனால் பழையகாயல். பாண்டியர் காலத்தில் குதிரை வந்து இறங்கிய துறைமுகம். மார்க்கோ போலோ 1290-களில் வந்து பார்த்து எழுதிய காயல் அதுதான் என்று நம்ம இடையன்குடிக் கால்டுவெல் ஆராய்ந்து சொன்னார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் ஆண்டுக்கு 1,400 குதிரை என்று ஒப்பந்தம் இருந்ததையும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். உலகத்திலேயே உயர்ந்த இனம், உயர்ந்த விலை. ஆனால் என்ன ஆயிற்று? அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. வேக வைத்த அரிசியும் இறைச்சியும் போட்டார்களாம். வைத்தியம் தெரிந்த ஆள் இல்லையாம். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் சேர்ந்தும் இங்கே கால் கோணிய, ஏறிப் போக உதவாத குட்டிதான் பிறந்தது என்றும் எழுதியிருக்கிறார். வெளியூர்க்காரர் எழுத்தில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் விஷயம் புரிகிறது. இனத்துக்குப் பொன்னைக் கொட்டியவர்கள் தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும் அறிவைச் செலவழிக்கவில்லை.

திருவிளையாடலில் நரி பரியான கதை உங்களுக்குத் தெரியும். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணம் கோயிலுக்குப் போய்விட, இறைவனே குதிரை வணிகனாக மதுரைக்கு வருகிறார். குதிரைகளின் இலட்சணத்தையெல்லாம் பாண்டியனுக்கு எடுத்துச் சொல்கிறார். அரசன் பூரித்துப் போகிறான். ராத்திரி பார்த்தால் லாயம் முழுக்க நரி. பக்தியோடு படிக்க வேண்டிய கதைதான். ஆனால் அதில் ஓர் உலகியல் பாடமும் இருக்கிறது: விற்கிறவர் வாயால் இலட்சணம் கேட்காதே. அங்கே வந்தவர் சொக்கநாதர், நரியையும் பரியாக்கினார். நமக்கு வருகிறவர் வெறும் தரகர்.

இப்போது அந்த மட்டக்குதிரை விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாது. என் தாத்தா குதிரைவண்டிக்காரர். ரயிலடிக்கும் ஊருக்குமாக ஆற்றுப்பாலத்தில் வண்டி ஓட்டியவர். அவர் வைத்திருந்தது ஒரு மட்டக்குதிரை. நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை, செம்மண்ணில் புரண்ட மாதிரி. காது நேராக நிற்கும். என்ன இனம் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் தாத்தாவுக்குத் தெரியாது. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபணு நிறுவனத்தின் பதிவேட்டில் மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி என்றெல்லாம் குதிரை இனங்கள் இருக்கின்றன. நம்ம தமிழ்நாட்டு வண்டிக்குதிரைக்கு அதில் ஒரு வரி கிடையாது. 

அந்தப் பெயரில்லாத குதிரை கொள்ளும் புல்லும் தின்றுவிட்டு, பதினான்கு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. என் அப்பாவைப் படிக்க வைத்தது. அப்பா படித்ததால் நான் படித்தேன். நான் படித்ததால்தான் நீங்கள் என்னை "சார்" என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் அந்தக் குதிரை கொஞ்சம் உறவு.

தாத்தா குதிரை வாங்கப் போகும்போது சின்னப் பையனாக ஒருமுறை கூடப் போயிருக்கிறேன். அவர் முன்னாலே போய் நிற்கவே மாட்டார். தூரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, நடத்தச் சொல்லிப் பார்ப்பார். எதிரே வரும்போது பார்ப்பார், திரும்பிப் போகும்போது பார்ப்பார். பிறகு ஓட வைத்து விலாவில் கை வைத்து மூச்சைப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்ப்பார். கடைசியில்தான் முகத்தைப் பார்ப்பார். "மூஞ்சியைப் பாத்தா மனசு விழுந்துரும்ல. அதான் கடைசில" என்பார். நேரில் பார்க்கப் போனபோது நானே இதை மறந்துவிட்டு முதலில் காதைத்தான் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம்ம மொழியில் பாருங்கள். உயரம் குறைந்த குதிரைக்கு "மட்டம்" என்று பெயர். அதே சொல்லுக்குத் தரம் குறைந்தது என்றும் பொருள். உயர்ந்த இனத்துக்குச் "சாதிக்குதிரை" என்று பெயர். குதிரைக்கு வைத்த பெயரா, நம்ம மனசுக்கு வைத்த பெயரா?

இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்த ஜில்லாவில் வாத்தியாராக இருந்தவன் நான். புதுப் பையன் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் முதல் பீரியட் முடிவதற்குள் பக்கத்துப் பெஞ்சு கேட்கும்: "எந்த ஊருலே? எந்தத் தெரு?" பதில் கிடைத்தபின் அவன் கணக்கு போடுவானா, பந்து எறிவானா என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு கையில் கட்டுகிற கயிற்றின் நிறமே போதும் என்று ஆயிற்று. அந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தபோது, என் வகுப்பறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. குதிரை இனமாவது மனிதன் ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து உண்டாக்கியது. அதிலேயே நிறம் இனத்தைச் சொல்வதில்லை, இனம் காலைச் சொல்வதில்லை. மனிதனில் அப்படி ஓர் இனமே கிடையாது. இதை விலங்கியல் வாத்தியாராகவே சொல்கிறேன்.

அதற்காக இனம் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாருங்கள். தெரிந்துகொள்ளுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காதையும் முகத்தையும் நடையையும் காட்டுங்கள். பெரிய சந்தோஷம் அது. வாங்குகிற நாளில் மட்டும் இனத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் கெட்டித் தரையில் நடத்திப் பாருங்கள். பிறகு குளம்பு, மூச்சு, பல். தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் கூட இருக்கட்டும். தீவனத்துக்கும் லாடத்துக்கும் மாதம் எவ்வளவு ஆகும், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடுங்கள். இதெல்லாம் சரியாக வந்த பிறகு, "இது என்ன இனமாக இருக்கும்?" என்று ஆற அமர உட்கார்ந்து பேசுவோம். நானும் கண்ணாடியோடு வருகிறேன்.

நம்ம பையன் அந்த வெள்ளைக் குதிரையை வாங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் போன் பண்ணி, "சார், அந்தக் கால் சரியாகுமா?" என்று கேட்டான். மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குளம்புக்குள் சீழ் என்றால் சரியாகலாம், எலும்பு வளர்ச்சி என்றால் கஷ்டம், படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் அவள். "எடுக்கச் சொல்லுங்க சார். செலவு நான் தாரேன். வாங்குறது வாங்காதது அப்புறம்" என்றான்.

தரகர் இன்னும் சம்மதிக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடி போய்க் கேட்கப் போகிறேன். கூட யாராவது வருவதென்றால் ஆறரைக்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விலங்கியல் வாத்தியார்,
ஸ்ரீவைகுண்டம்.